தன்னை மாதிரிப் பாடாதவர், தன்னை மாதிரியே பாடியவர்: இரண்டு வழக்குகளின் கதை

இந்த எபிசோடில் ரெண்டு கோர்ட் கேஸ் பற்றிப் பேசப் போறேன். ரெண்டும் 1980களில் அமெரிக்காவில் நடந்தவை. ரெண்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர் பாட்டு எழுதிப் பாடுகிற ஒருவர். கேஸ் போட்டது ஒரு ரெக்கார்ட் கம்பெனி.

முதல் கேஸில் கம்பெனி சொன்ன புகார்: இவர் இவரை மாதிரிப் பாடவில்லை.

இரண்டாவது கேஸில் இன்னொரு கம்பெனி சொன்ன புகார்: இவர் இவரை மாதிரியே பாடிவிட்டார்.

கேட்டதும் சிரிப்பு வரும். ராக் இசை பற்றி எழுதுகிறவர்களும் இந்த ரெண்டையும் ஒரு ஜோடி நகைச்சுவைத் துணுக்கு மாதிரித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். "கலையா, காசா?" என்று நம் ஊரில் பட்டிமன்றம் வைத்தால் ஒரு பக்கம் பசியோடு இருக்கும் கவிஞர், இன்னொரு பக்கம் தொப்பை வைத்த முதலாளி, கடைசியில் நடுவர் ரெண்டுமே வேணும்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவார். இந்த ரெண்டு கேஸும் அந்த அச்சில் வராது. ரெண்டு பேருமே கோடிக்கணக்கில் ரெக்கார்ட் விற்றவர்கள், ரெண்டு பேருக்கும் பணம் பிடிக்கும். அங்கே கேள்வியே வேற: உங்களுடைய பாணி, உங்களுடைய குரல், அது யாருடைய சொத்து?

முதல் ஆள் நீல் யங். கனடாக்காரர், 1945ல் டொராண்டோவில் பிறந்தவர். 1972ல் 'ஹார்வெஸ்ட்' என்று ஒரு ஆல்பம் போட்டார். அதில் இருந்த 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. ஒரு அகூஸ்டிக் கிடார், ஒரு ஹார்மோனிகா, எந்த நிமிஷமும் உடையலாம் என்கிற மாதிரி ஒரு குரல். எந்தக் கம்பெனியும் அடுத்து என்ன கேட்கும்னு உங்களுக்கே தெரியும். "இதே மாதிரி இன்னும் நாலு."

அவர் அதைச் செய்யவில்லை. யாரையும் உறுத்தாத, எல்லாருக்கும் பிடிக்கிற இசைக்கு அமெரிக்க ரேடியோக்காரர்கள் 'மிடில் ஆஃப் தி ரோட்' என்று பேர் வைத்திருந்தார்கள். நடுரோடு. யங் 1977ல் வந்த தன் தொகுப்பு ஆல்பத்தின் குறிப்பில் அந்தப் பேரை வைத்து விளையாடினார். இந்தப் பாட்டு என்னை நடுரோட்டில் கொண்டுபோய் விட்டது, அங்கே ஓட்டுவது சலித்துப்போனது, அதனால் வண்டியைப் பள்ளத்தில் இறக்கினேன் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். 'ஹார்வெஸ்ட்'டுக்குப் பின் வந்த மூன்று ஆல்பங்களை இன்றைக்கும் ரசிகர்கள் பள்ளத்து ஆல்பங்கள் என்றுதான் சொல்வார்கள். அதில் ஒன்றான 'டுநைட்ஸ் தி நைட்' 1973ல் பதிவானது, 1975 வரை வெளியே வரவில்லை. போதை மருந்தால் இறந்துபோன நண்பர்களுக்காகப் பாடியது. குரல் சுருதி விலகும், தடுமாறும், அதை அப்படியே விட்டிருப்பார். என்னைக் கேட்டால் அவர் போட்டதிலேயே சிறந்தது அதுதான். 'ஹார்வெஸ்ட்' பிரியர்கள் மன்னிக்கணும்.

இந்த ஆள் எப்படிப்பட்டவர்னு ஊருக்கே தெரியும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். முக்கியமாக டேவிட் கெஃபனுக்குத் தெரியும். கெஃபன், யங் இருந்த 'க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நேஷ் அண்ட் யங்' குழுவின் மேனேஜர்களில் ஒருவராக இருந்தவர். 1971ல் அசைலம் ரெக்கார்ட்ஸ் தொடங்கினார். 1980ல் தன் பேரிலேயே கெஃபன் ரெக்கார்ட்ஸ் தொடங்கினார். கலைஞர்களைப் புரிந்துகொள்கிற முதலாளி என்று பேர் எடுத்தவர். அவரிடம் யங் கையெழுத்துப் போட்டார். ஆல்பத்துக்கு 10 லட்சம் டாலர். அதோடு, எந்த மாதிரி இசை செய்வது என்கிற முடிவு முழுக்க யங் கையில். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

கெஃபனிடம் முதலில் வந்தது 'ட்ரான்ஸ்'. 1983 பிறக்கும் சமயம். போட்டுக் கேட்டால் நீல் யங்கே இல்லை. சின்தசைசர், எலெக்ட்ரானிக் தாளம், குரலுக்குப் பதில் ஒரு ரோபோ. அவர் பயன்படுத்தியது வோகோடர்.

நம்ம ஏரியா என்பதால் இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறேன். வோகோடர் இசைக்காகப் பிறந்த கருவியே இல்லை. 1930களில் பெல் லேப்ஸில் ஹோமர் டட்லி என்ற பொறியாளர் செய்தது. நோக்கம் தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சுருக்கி அனுப்புவது. பேச்சைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பட்டையிலும் நொடிக்கு நொடி எவ்வளவு சக்தி இருக்கு என்பதை மட்டும் அளந்து அனுப்பும். மறுமுனையில் ஒரு செயற்கை ஒலியை எடுத்து, அந்த அளவுகளை அதன்மேல் ஏற்றினால் பேச்சு திரும்பக் கிடைக்கும். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு பழைய கம்ப்ரஷன் முறை. சொல்லின் வடிவம் வந்து சேரும், சொன்னவருடைய குரல் வந்து சேராது.

யங்குக்கு இது ஏன் தேவைப்பட்டது? அவருடைய மகனுக்கு பெருமூளை வாதம். பேச வராது. அந்த வருஷங்களில் யங்கும் மனைவியும் பையனுக்கான சிகிச்சைப் பயிற்சியிலேயே நாள் முழுக்க இருந்தார்கள். ஒரு கருவியின் பொத்தானை அழுத்தி, அதன் வழியாக ஒரு குழந்தை தன் அப்பாவிடம் ஏதாவது சொல்லிவிட முடியுமா என்பதுதான் அந்தப் பாட்டுகளுக்குள் இருக்கிற விஷயம். சொற்கள் புரியவில்லை என்று கேட்டவர்கள் எல்லாரும் குறைப்பட்டார்கள். என் பையன் பேசுவது எனக்குப் புரியாது, அதைத்தான் பாட்டில் வைத்தேன் என்கிற பொருளில் அவர் பிற்பாடு பேட்டிகளில் விளக்கினார். அன்றைக்கு அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. விமர்சகர்களுக்கும் ரசிகர்களுக்கும் தெரிந்ததெல்லாம் ஒரு 37 வயது நாட்டுப்புற ராக் பாடகர் திடீர்னு ரோபோவா மாறிட்டார் என்பது மட்டும்தான்.

அடுத்து ஒரு கன்ட்ரி ஆல்பம் கொண்டுபோனார். கம்பெனி வேண்டாம் என்றது. ராக் அண்ட் ரோல் கொடு என்றது. அவருக்கு அந்தச் சொல் போதும். 1983லேயே 'எவ்ரிபடீஸ் ராக்கின்' என்று ஒன்றைக் கொடுத்தார். ராக் அண்ட் ரோல்தான், ஆனால் 1950களின் ராக் அண்ட் ரோல். முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரி, 'ஷாக்கிங் பிங்க்ஸ்' என்று ஒரு பேண்டோடு வந்தார். மொத்த ஆல்பமும் 25 நிமிஷம்தான். டிபன் சாப்பிட்டு முடிப்பதற்குள் முடிந்துவிடும். நீங்க கேட்டதைத்தானே கொடுத்தேன் என்கிற முகபாவம். ரிக்வயர்மென்ட்டை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி, க்ளையன்டை அழவைப்பது எப்படி என்று நம்ம ஆபீஸ்களில் சிலருக்குத் தெரியும். அந்தக் கலையின் உச்சம் இது.

1983 முடியும் நேரத்தில் கெஃபன் ரெக்கார்ட்ஸ் கேஸ் போட்டது. 33 லட்சம் டாலர் கேட்டது. யங் கொடுத்த ஆல்பங்கள் வணிக ரீதியானவை அல்ல, அவருடைய முந்தைய பதிவுகளின் இயல்போடு பொருந்தவில்லை என்பதுதான் புகாரின் சாரம். ஒரு பக் ரிப்போர்ட் மாதிரி இருக்கு, இல்லையா? எதிர்பார்த்தது: 'ஹார்வெஸ்ட்'. வந்தது: ரோபோ.

யங் பதிலுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு எதிர் வழக்குப் போட்டார். அடிப்படை? அந்த ஒற்றை வாக்கியம். என்ன இசை செய்வது என்பதை நான்தான் முடிவு பண்ணுவேன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. விஷயம் தீர்ப்பு வரை போகவில்லை. சமரசம் ஆனது. கெஃபன் மன்னிப்புக் கேட்டார். யங் அங்கே இன்னும் மூன்று ஆல்பம் செய்துவிட்டு, தன் பழைய கம்பெனியான ரிப்ரைஸுக்குத் திரும்பினார்.

கம்பெனி பக்கமும் கொஞ்சம் பேசிவிடலாம், அதுதான் நியாயம். ஆல்பத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தவர்கள் எதை வாங்கினார்கள்? பாட்டை வாங்கவில்லை, பாட்டு இன்னும் எழுதப்படவே இல்லையே. நேற்று விற்ற ஒன்று நாளைக்கும் வரும் என்கிற எதிர்பார்ப்பை வாங்கினார்கள். மற்ற எந்த வியாபாரத்திலும் அது நியாயமான எதிர்பார்ப்பு. போன தடவை வாங்கிய காபித்தூளின் மணம் இந்தத் தடவையும் இருக்கணும்னு நாம கேட்க மாட்டோமா? இன்னொரு உண்மையும் இருக்கு. 'எவ்ரிபடீஸ் ராக்கின்' நல்ல ஆல்பம் இல்லை. நான் மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன், தேறவில்லை. கலைஞர் பிடிவாதமாக இருந்தார் என்பதால் பாட்டு நன்றாகிவிடாது. ஆனால் மோசமான ஆல்பம் போடும் உரிமை இல்லாதவருக்கு 'ட்ரான்ஸ்' போடும் உரிமையும் இருந்திருக்காது. ரெண்டும் ஒரே வாக்கியத்தின் நிழலில்தான் பிறந்தன.

இப்போ இரண்டாவது ஆள். ஜான் ஃபோகர்ட்டி. யங்கைவிட ஆறு மாசம் மூத்தவர், அவரும் 1945. ரெண்டு பேரும் 1969 வுட்ஸ்டாக் மேடையில் பாடியிருக்கிறார்கள், ரெண்டு பேருமே அந்தப் புகழ்பெற்ற வுட்ஸ்டாக் படத்தில் வர மறுத்தவர்கள். பிடிவாதத்தில் சகோதரர்கள்.

ஃபோகர்ட்டியின் பேண்ட் 'க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல்'. சுருக்கமாக சி.சி.ஆர். கலிஃபோர்னியாவில் எல் செரிட்டோ என்கிற சின்ன ஊர்ப் பசங்க நாலு பேர். ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸ் என்ற ஜாஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். கம்பெனி இவர்களைக் கேட்காமலே பேண்டுக்கு 'காலிவாக்ஸ்' என்று பேர் வைத்தது. கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் ஒரு பொம்மையின் பேர் அது. பசங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத பேர், ஆனால் சில வருஷம் அதிலேயே ஓட்டினார்கள். அங்கேயே கதையின் சுருதி தெரிந்துவிடுகிறது.

1967ல் சால் ஸான்ட்ஸ் என்பவர் ஃபேன்டஸியை வாங்கினார். பேண்ட் பேரும் மாறியது. அப்புறம் நடந்தது ஒரு வெள்ளம். 1969 ஒரே வருஷத்தில் மூன்று ஆல்பம். 'ப்ரவுட் மேரி', 'பேட் மூன் ரைசிங்', 'ஃபார்ச்சுனேட் சன்' எல்லாம் அந்த ஒரே வருஷம். எழுதியது, பாடியது, தயாரித்தது எல்லாம் ஃபோகர்ட்டி. ஆனால் 22, 23 வயதில் போட்ட கையெழுத்தின்படி பாட்டுகளின் காப்புரிமை கம்பெனிக்கு. அதோடு, இன்னும் பல வருஷத்துக்குக் கொடுக்க வேண்டிய பாட்டுகளின் கணக்கும் ஒப்பந்தத்தில் இருந்தது. 1972ல் பேண்ட் உடைந்தது. ஃபேன்டஸிக்கு இனி ஒரு பாட்டும் தர மாட்டேன் என்று ஃபோகர்ட்டி உட்கார்ந்துவிட்டார்.

அவரை அமெரிக்காவில் அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க 10 லட்சம் டாலர் கொடுத்தது யார் தெரியுமா? அசைலம் ரெக்கார்ட்ஸின் டேவிட் கெஃபன். ஆமாம், அதே கெஃபன். ஒருத்தரை மீட்கப் பணம் கொடுத்த அதே மனிதரின் கம்பெனிதான் பத்து வருஷம் கழித்து இன்னொருத்தர் மேல் கேஸ் போட்டது. இந்தக் கதையில் வில்லனைத் தேடுகிறவர்களுக்கு இது ஒரு சங்கடம். எனக்கு இது பிடித்திருக்கு. ஆட்கள் நல்லவரா கெட்டவரா என்பதில் பெரிசா எதுவும் இல்லை, காகிதத்தில் என்ன எழுதியிருக்கு என்பதில்தான் எல்லாம் இருந்தது.

பிற்பாடு, ஃபேன்டஸியோடு மிச்சமிருந்த கட்டுகளையும் அறுத்துக்கொள்ள ஃபோகர்ட்டி சி.சி.ஆர். ரெக்கார்டுகளில் தனக்கு வர வேண்டிய ராயல்ட்டியை விட்டுக்கொடுத்தார். யோசிச்சுப் பாருங்க. வெளியே வருவதற்கான டிக்கெட், தன் இளமைக்காலம் முழுக்கச் செய்த வேலையின் வருமானம்.

கிட்டத்தட்ட பத்து வருஷ மௌனத்துக்குப் பின் 1985 ஜனவரியில் 'சென்டர்ஃபீல்ட்' வந்தது. எல்லா வாத்தியமும் அவரே வாசித்தது. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம். முதல் பாட்டு 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்'. அப்புறம், உள்ளே ரெண்டு பாட்டு முழுக்க முழுக்க சால் ஸான்ட்ஸ் மேலான கோபம். ஒன்றின் பேரே 'ஸான்ஸ் கான்ட் டான்ஸ்'. நடனம் ஆடத் தெரியாத ஆனால் பாக்கெட்டில் கைவைக்கத் தெரிந்த ஒரு பன்றியைப் பற்றியது. ஸான்ட்ஸ் அவதூறு வழக்குப் போட்டார். பாட்டின் முதல் எழுத்தை மாற்றி 'வான்ஸ்' ஆக்கினார்கள். அது போகட்டும், கோபத்தில் செய்தது. நமக்கு வேண்டியது இன்னொரு கேஸ்.

ஃபேன்டஸி சொன்னது இது: 1970ல் நீ எழுதிய 'ரன் த்ரூ தி ஜங்கிள்' எங்கள் சொத்து. இப்போ நீ போட்டிருக்கும் 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்' அதே பாட்டு, வார்த்தையை மட்டும் மாற்றியிருக்கிறாய். ஆகவே எங்கள் பாட்டைத் திருடிவிட்டாய்.

சட்டப்படி இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. காப்புரிமை கைமாறியபின் எழுதியவரும் மூன்றாம் மனிதர்தான். வீட்டை விற்றபின் பழைய சாவியை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் அது அத்துமீறல்தானே. ஆனால் பாட்டு வீடு இல்லை. அந்த உறுமும் கிடார், இழுத்துக் கத்தும் குரல், சதுப்புநிலத்துச் சேற்றில் நடக்கிற மாதிரியான தாளம், இதெல்லாம் ஒரு பாட்டின் பாகமா, அல்லது அந்த மனிதர் பாட்டு எழுதும் விதமா? முதலாவது என்றால் விற்றாயிற்று. இரண்டாவது என்றால் அதை யாருக்கும் விற்கவே முடியாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் போக முடியாது. ரெக்கார்டு கம்பெனியோடு சினிமாத் தயாரிப்பும் செய்தவர் ஸான்ட்ஸ். 1985 மார்ச்சில் அவர் தயாரித்த படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. படத்தின் பேர் 'அமடேயஸ்'. மொசார்ட்டின் கதை. மேதைமையை அதிகாரமும் பொறாமையும் எப்படி நசுக்கும் என்று சொல்லும் படம். அதே வருஷம்தான் இந்த வழக்கும். கற்பனைக் கதையில் இப்படி வைத்தால் ரொம்ப ஓவர்னு சொல்லுவீங்க.

1988ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபெடரல் கோர்ட்டில் விசாரணை. ஃபோகர்ட்டி சாட்சிக் கூண்டுக்குக் கிடாரோடு போனார். தன் பாட்டுகளை வாசித்துக் காட்டினார். இந்த மாதிரி இங்கே கை வைப்பேன், இந்த இடத்தில் இப்படி இழுப்பேன், இது நான் எங்கே போனாலும் என் கூடவே வரும் என்று ஜூரிக்கு ஒரு பாடமே எடுத்தார். இசை தெரியாத சாதாரண மக்கள் உட்கார்ந்திருக்கும் ஜூரி. அவர் ஜெயித்தார். புதுப் பாட்டு பழைய பாட்டின் திருட்டு இல்லை.

தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நஷ்டஈடு ஒரு பக்கம். அதைவிடப் பயங்கரம் அடுத்த நாள் காலை. கிடாரை எடுக்கிறார், கை தானாகப் போகும் இடத்துக்குப் போகிறது, உடனே நிறுத்தணும். இது ஃபேன்டஸியுடையதோ? இந்த இழுவை? 40 வயதுக்கு மேல் ஒரு மனிதர் தன்னைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாட்டு எழுதணும். நீல் யங்குக்கு வந்த கட்டளை 'பழைய நீயாகவே இரு'. ஃபோகர்ட்டிக்கு வந்தது 'நீயாக இருக்காதே'. இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: விற்ற பாணி கம்பெனியின் கிடங்குச் சரக்கு.

ஜெயித்தும் கதை முடியவில்லை. வக்கீல் செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அதை ஃபேன்டஸி தரணும் என்று கேட்டார். கீழ்க் கோர்ட்டுகள் மறுத்தன. காரணம், அங்கே இருந்த விதிப்படி காப்புரிமை கேஸில் வழக்குப் போட்டவர் ஜெயித்தால் செலவைச் சுலபமாக வாங்கலாம், வழக்கை எதிர்கொண்டவர் ஜெயித்தால் எதிராளி கெட்ட நோக்கத்தோடு அல்லது அற்பமாக வழக்குப் போட்டார் என்று காட்டணும். இது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994 மார்ச் 1ஆம் தேதி தீர்ப்பு: ரெண்டு தரப்பையும் ஒரே அளவுகோலால் அளக்கணும், ஏனென்றால் அநியாயமான வழக்கை எதிர்த்து நின்று ஜெயிப்பதும் காப்புரிமைச் சட்டத்தின் நோக்கத்துக்குச் செய்யும் சேவைதான். கடைசியில் அவருக்கு 13 லட்சத்து 47 ஆயிரம் டாலருக்கு மேல் கிடைத்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் காப்புரிமை படிக்கும் மாணவர்கள் 'ஃபோகர்ட்டி எதிர் ஃபேன்டஸி' படிக்காமல் போக முடியாது.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் கோர்ட்டைவிட மனசில் நிற்பது வேறு. சட்டம் அவரைத் தடுக்காத இடத்தில் அவரே தன்னைத் தடுத்துக்கொண்டார். வருஷக்கணக்கில் மேடையில் சி.சி.ஆர். பாட்டு ஒன்றைக்கூடப் பாட மறுத்தார். ஒவ்வொரு தடவை பாடும்போதும் அந்தக் கம்பெனிக்குக் காசு போகும் என்கிற வைராக்கியம். 1986 சுற்றுப்பயணத்தில் ரசிகர்கள் 'ப்ரவுட் மேரி' கேட்டுக் கத்தினார்கள். பாடவில்லை. இது நேர்மையா? நேர்மைதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஸான்ட்ஸுக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, ரேடியோ அந்தப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டேதான் இருந்தது. பாட்டை இழந்தது பாட்டு எழுதியவர் மட்டும்.

1987 பிப்ரவரியில் ஹாலிவுட் பக்கம் பாலமினோ என்ற க்ளப்பில் ஒரு ராத்திரி. பாப் டிலனும் ஜார்ஜ் ஹாரிசனும் மேடையில் இருந்தார்கள், ஃபோகர்ட்டியும் ஏறினார். 'ப்ரவுட் மேரி' பாடச் சொல்லி டிலன் வற்புறுத்தினார். நீ பாடாவிட்டால் இது டீனா டர்னரின் பாட்டு என்றுதான் உலகம் நினைக்கும் என்கிற மாதிரி சொன்னாராம். பாடினார். அதே வருஷம் ஜூலை 4ஆம் தேதி, மேரிலாண்டில் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்கான நிகழ்ச்சியில் சி.சி.ஆர். பாட்டுகளை வரிசையாகப் பாடினார். அந்தப் போர்வீரர்கள் காட்டில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுகள் அவை. அவர்கள் எதிரில் நின்று 'இதில் என் முன்னாள் முதலாளிக்குக் காசு போகும்' என்று எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் எங்கேயோ நடந்த கதையாக விட வேண்டியதில்லை. இந்தியாவில் 1977ல் உச்ச நீதிமன்றம், சினிமாவுக்காகக் கூலிக்கு எழுதிய, இசையமைத்த பாட்டின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கே என்கிற நிலையை உறுதிப்படுத்தியது. 2012ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து அதற்காகப் போராடினார். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்ட்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட நினைத்தாலும் முடியாது என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. சும்மா இல்லை, ரொம்ப யோசித்து வைத்த வரி. 22 வயதில், முதல் படம், கையில் பேனா, எதிரில் பெரிய மனிதர். அந்த நிமிஷத்தில் யாரும் 'இல்லை' சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்து, அவர்கள் சார்பில் சட்டமே 'இல்லை' சொல்கிறது. ஃபோகர்ட்டிக்கு அந்த வயதில் அப்படி ஒரு சட்டம் இல்லை. யங் கெஃபனிடம் போனபோது அவருக்கு வயது 36. தனக்கு எந்த வாக்கியம் வேணும்னு கேட்டு வாங்கும் அளவுக்குப் பேரும் இருந்தது, பேரமும் தெரிந்தது.

அந்த வாக்கியம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். 'ஃபார்ச்சுனேட் சன்' வசதியான வீட்டுப் பிள்ளைகள் போருக்குப் போகாமல் தப்பிக்க, இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சாவதைப் பற்றிய கோபப் பாட்டு. 2000களின் தொடக்கத்தில் ராங்ளர் ஜீன்ஸ் விளம்பரத்தில் அது வந்தது. தேசியக் கொடி வரும் தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கோபம் ஆரம்பிக்கும் இடத்தில் கத்தரி போட்டிருந்தார்கள். கேட்டால் தேசபக்திப் பாட்டு. எழுதியவர் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார், நிறுத்த முடியவில்லை.

யங் அந்தப் பக்கத்தில் வேறு மாதிரி. 1988ல் 'திஸ் நோட்ஸ் ஃபார் யூ' என்று, விளம்பரத்துக்குப் பாடும் பாடகர்களையே கிண்டல் செய்து ஒரு பாட்டு போட்டார். எம்டிவி அந்த வீடியோவைப் போட மறுத்தது. அடுத்த வருஷம் அதே எம்டிவி அதற்கே ஆண்டின் சிறந்த வீடியோ விருதைக் கொடுத்தது. 2021ல் யங் தன் பாட்டுகளின் உரிமையில் பாதியை ஹிப்னோசிஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார். இவரே விற்றுவிட்டாரா என்று பல பேர் முகம் சுளித்தார்கள். வாங்கியவர், 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' ஒருநாளும் பர்கர் விளம்பரமாக மாறாது என்று பகிரங்கமாகச் சொன்னார். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. காசு வாங்க மாட்டேன் என்று அவர் எப்பவும் சொன்னதே இல்லை. காசுக்காக எதைச் செய்ய மாட்டேன் என்பதை மட்டும்தான் சொன்னார், அதையும் எழுத்தில்.

ஃபோகர்ட்டிக்கு நேரம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. 2004ல் ஃபேன்டஸி கைமாறி கான்கார்ட் நிறுவனத்திடம் போனது. அவர்கள் அவருக்கு ராயல்ட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். சால் ஸான்ட்ஸ் 2014 ஜனவரியில் இறந்தார். 2023 ஜனவரியில், தன் சி.சி.ஆர். பாட்டுகளின் உலகளாவிய வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கை ஃபோகர்ட்டி வாங்கிவிட்டதாக அறிவித்தார். தானே எழுதிய பாட்டுகளை வாங்க அவருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அப்போது வயது 77.

இந்த எபிசோட் முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்க. 'ரன் த்ரூ தி ஜங்கிள்' போடுங்க, உடனே 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்' போடுங்க, நடுவில் இடைவெளி விடாம. நல்ல ஹெட்ஃபோன் இருந்தா நல்லது. ஜூரியில் உட்கார்ந்திருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. நான் முதல் தடவை கேட்டப்போ, உண்மையைச் சொல்றேன், ஃபேன்டஸி பக்கம்தான் சாய்ஞ்சேன். நாலாவது தடவைதான் மாறினேன்.